ஒப்பராவுக்குக் காடு கீறுகிறவள்

ஒப்பரா என்கிற இசை நாடக மேடைக்குத் துணியில் சீன் கீறுகிற வேலையில் ஒரு பெரிய வசதி: நீங்கள் கீறிய மலையை ஊர் முழுக்க வந்து பார்க்கும், உங்களை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். பெயின்ற் வாளியோடு குடும்பம் நடத்துகிற என் இனசனமே, நாள் முழுக்கக் குனிந்து நின்று முதுகு போனவர்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களும் ஏதோ ஒரு வேலையில் மாட்டுப்பட்டு முழிக்கிறவர்கள்தானே, இருந்து கேளுங்கோ.

தும்புத்தடி

பள்ளிக்கூடம் முடிந்து எல்லாப் பிள்ளைகளும் வங்கி, மருந்துக்கடை என்று அவுஸ்பில்டுங், அதுதான் தொழிற்பயிற்சி, தேடிப் போக, எனக்கு ஜெர்மனியின் ரூர்ப் பக்கத்து ஒப்பரா வீடு ஒன்றில் சீன் கீறப் பழகுகிற இடம் கிடைத்தது. முதல் நாள் போனால், மாலசால் என்று சொல்லுகிற பெரிய மண்டபம். ஒரு மேசை இல்லை, ஒரு கதிரை இல்லை. தரை முழுக்க வெள்ளைத் துணியை விரித்து ஆணி அடித்திருந்தார்கள். அதற்கு மேலே எல்லாரும் காலுறையோடு நடந்து திரிந்தார்கள். துணியில் கரி மாதிரி ஏதோ ஊத்தை. மண்டபப் பொறுப்பாளர் ராய்னர் என் கையில் நீளத் தடி ஒன்றைத் தந்தார். நுனியில் மயிர் கட்டியிருந்தது. தந்துவிட்டு ரெலிபோன் கதைக்க வெளியே போனார்.

முதல் நாள் பாருங்கோ, நல்ல பெயர் எடுக்க வேண்டுமே. தும்புத்தடியைத் தந்தால் கூட்டத்தானே வேண்டும்? ஒரு மூலையில் தொடங்கி மற்ற மூலை மட்டும் கரி ஒன்றும் இல்லாமல் வடிவாகக் கூட்டிவிட்டு வியர்வையைத் துடைத்தேன். திரும்பிப் பார்த்தால் வேலை செய்துகொண்டிருந்த எல்லாரும் சிலை மாதிரி நிற்கிறார்கள். நான் கூட்டியது ஊத்தை இல்லை, புயலுக்கு முந்திய முகில் கூட்டம். ராய்னர் ஒரு கிழமையாகக் கரிக்கட்டியால் கீறி வைத்தது. கையில் இருந்தது தும்புத்தடியும் இல்லை, நின்றபடி கீறுகிற தூரிகை.

ராய்னர் உள்ளே வந்தார். துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் துணியைப் பார்த்தார். அவர் சொன்னது: "நல்லது. புயல் கடந்து போய்விட்டது."

அம்மாவுக்கு விளங்கிய அளவில்

ஒப்பரா, மாலசால், சீன் என்றெல்லாம் அம்மாவுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஏலாமல் போனது. அம்மா தனக்கு விளங்கிய அளவில் சுருக்கி, கோயிலிலும் கல்யாண வீடுகளிலும், "மகள் பெயின்ற் அடிக்கிறாள்" என்று சொல்லி வைத்தார். அதற்குப் பிறகு எங்கள் ஆட்களிடமிருந்து வந்த ரெலிபோன்களைக் கேட்டால், எங்கள் எசன் நகரத்தில் இருக்கிற அத்தனை தமிழ் வீடுகளின் குசினிச் சுவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது போல இருந்தது.

டுசல்டோர்ஃப் நகரத்துச் சாந்தா அக்காவும் ரெலிபோன் எடுத்தார். அவரைத் தெரியாத ஆள் இந்தப் பக்கத்தில் இல்லை. யாருக்கு என்ன விசேஷம் என்றாலும் முன்னுக்கு நிற்கிற மனுசி. தன் வீட்டு ஹோலுக்குப் பெயின்ற் அடிக்க எப்போது வருவாய் என்று கேட்டார். நான் சுவருக்கு அடிக்கிற ஆள் இல்லை அக்கா, மேடைக்குக் காடு, மலை, மாளிகை எல்லாம் கீறுகிற ஆள் என்று மூச்சுப் பிடித்து விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஓம் ஓம், எங்களுக்குக் காடு வேண்டாம் பிள்ளை. சும்மா வெள்ளை அடிச்சால் காணும்" என்றார்.

மாளிகைக்குள் போன மாமா

என்றாலும் சாந்தா அக்கா என்னை விடவில்லை. மகள் பெரியபிள்ளையானதற்கு வைக்கிற சாமத்தியவீட்டு மேடைக்குப் பின்னால் ஒரு சீன் கீறித் தா என்று பிடித்துக்கொண்டார். இது என் தொழில்தானே, மாட்டேன் என்று சொல்ல ஏலாது. தூண்கள் வரிசையாக உள்ளே போய்ப் போய்ச் சிறுத்து, கடைசியில் ஒரு கதவில் முடிகிற மாளிகை விறாந்தை ஒன்றைக் கீறினேன். தட்டைத் துணியில் நீள விறாந்தையைக் காட்டி ஆட்களை ஏமாற்றுவதில் ஒரு தனிச் சந்தோசம் இருக்கிறது. நிழல், தூணின் பளபளப்பு, தரையில் விழுகிற வெளிச்சம் என்று ஆசை தீரக் கீறித் தள்ளினேன்.

விழா அன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. பிள்ளையை உடுப்பு மாற்றக் கூட்டிக்கொண்டு போன இடைவெளி. மேடை வெறுமையாகக் கிடந்தது. சாந்தா அக்காவின் தமையன், சுவிஸில் இருந்து வந்த பெரிய மனுசன், கோட்டும் சூட்டும் போட்டுக் கையில் வடைத் தட்டோடு மேடையில் ஏறினார். நேரே என் விறாந்தையை நோக்கி நடந்தார். நான் எழும்பி, "மாமா! மாமா!" என்று கத்தியது மேளச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. மனுசன் மூக்கை மாளிகையில் முட்டினார். வடை ஒன்று தூணில் ஒட்டிப் பிறகு விழுந்தது. அவர் விடவில்லை; ஒரு கையால் என் கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

சபை முழுக்கச் சிரித்துக் கவிழ்ந்தது. நான் ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. மூக்கைத் தடவிக்கொண்டு என்னிடம் கேட்டார்: "பிள்ளை, இந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கு. ரொய்லெற்றுக்குப் போறதுக்கு வேற வழி இருக்கோ?"

கிழவரும் அவருடைய மலைகளும்

எங்கள் மாலசாலில் ஒரு கிழவர் இருக்கிறார். அவர் செத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, என்றாலும் இருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எங்கள் ஒப்பரா வீட்டுக்குச் சீன் கீறியவர். அவருடைய சின்னச் சின்ன வண்ணப் படங்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் வரிசையாகத் தொங்குகின்றன. பெயர் சொல்லி ஒருவரும் கதைக்க மாட்டார்கள், எல்லாருக்கும் அவர் 'கிழவர்'தான். குளிர்காலம் முழுக்க ஒப்பராவுக்குக் கீறுவாராம். கோடை வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு அல்ப்ஸ் மலைப் பக்கம் போய், இயற்கைக் காட்சிகளைக் கீறுவாராம். படக் கண்காட்சிக்காரர், 'இந்த மரங்கள் எல்லாம் பாட்டுக்காரி வருவாள் என்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன' என்று அவரைத் திருப்பி அனுப்பினார்களாம். நாடகக்காரரோ, 'இவ்வளவு நல்ல மரத்துக்கு முன்னால் நின்று பாட ஏலாது' என்று குறை சொன்னார்களாம். இரண்டு பக்கத்திலும் அடி வாங்கியும் மனுசன் சாகும் மட்டும் இரண்டையும் விடவில்லை. கேட்கிறபோது எனக்கு அவர் மேல் ஒரு தனி இரக்கம். நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறும் மரமும் கீறுகிற ஆள்.

வருடங்கள் ஓடி, ராய்னருக்கு ஓய்வுக்குப் போகிற காலம் வந்தது. அப்போது ஒப்பரா வீட்டின் பெரிய கொண்டாட்டத்துக்கு, கிழவர் சீன் கீறிய பழைய ஒப்பரா ஒன்றைத் திரும்பப் போடுவதாக முடிவெடுத்தார்கள். ஒரு மலை ஏரி, ஒரு மே மாதத்து இரவுக் காடு. அவருடைய சின்னப் படங்களைப் பார்த்து, மேடை அளவுக்கு அப்படியே கீற வேண்டும். ராய்னர் பொறுப்பை என்னிடம் தந்தார். இது சரியாக வந்தால் தனக்குப் பிறகு மாலசால் எனக்கு, பிழையாய்ப் போனால் வெளியே இருந்து ஆள் எடுப்பார்கள் என்று ஒளிக்காமல் சொன்னார். என் முகம் வெளிறியதைக் கண்டு, பயத்தைத் தெளிய வைக்கக் கிழவரின் கதை ஒன்றைச் சொன்னார். ஒருமுறை எகிப்தில் நடக்கிற ஒப்பராவுக்குக் கிழவர் பிரமிட் கீறினாராம். பிரமிட்டுக்குப் பின்னால் பனி மூடிய மலை. இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டு, எகிப்தில் எங்கே ஐயா பனிமலை என்று கேட்க, கிழவர் தூரிகையைக் கழுவியபடி சொன்னாராம்: "இந்த வருட லீவுக்கு நான் எகிப்துக்குப் போகவில்லை."

ஆற்றங்கரையில் ஒரு வேலை வாய்ப்பு

கிழவரின் காடு முழுக்கப் பீச் என்கிற உயரமான காட்டு மரம். படத்தைப் பார்த்துக் கீறுவதற்கு முன்னால் உண்மை மரத்தின் முன் நின்று கை பழக்குவோம் என்று நினைத்தேன். என் மனுசன் குணா ட்ராம் ஓட்டுகிறவர். அவருக்கும் எனக்கும் ஒன்றாக லீவு கிடைத்தால் அது ஒரு பண்டிகை. அப்படிக் கிடைத்த ஒரு பகலை ரூர் ஆற்றங்கரையில் கொண்டுபோய்க் கொட்டினேன். குணா புல்லில் படுத்து நித்திரை. நான் பழைய காற்சட்டை, பெயின்ற் பட்ட சேட்டு, தலையில் ஒரு துவாயோடு தரையில் குந்தியிருந்து கீறினேன்.

கோயிலில் அடிக்கடி காண்கிற நடராசா அண்ணை நடைப்பயிற்சிக்கு வந்தவர், எனக்குப் பின்னால் வந்து நின்றார். என் சேட்டைப் பார்த்தார். பட்டப்பகலில் புல்லில் கிடக்கிற குணாவைப் பார்த்தார். நான் சிரித்தபடி, "எப்பிடி அண்ணை இருக்கு?" என்று மரத்தைக் காட்டிக் கேட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் குனிந்து, குணாவுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு பேருக்கும் வேலை போயிட்டுது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே தங்கச்சி. யோசிக்காதை, மகன்ரை கடையிலை ஆள் தேடுறாங்கள், நான் கதைக்கிறன்."

கவிழ்ந்த ஏரி

முதலில் ஏரி முடிந்தது. மேலே மலைகள், கீழே தண்ணீரில் அதே மலைகள். தண்ணீருக்குள் இருக்கிற மலைகளை மட்டும் கொஞ்சம் மங்கலாக, அலை பட்டதுபோலக் கீறினேன். துணியைத் தையலறைக்கு அனுப்பினோம். அங்கே ஹைக்க என்று ஒருத்தி இருக்கிறாள், என் கூட்டாளி. மேடைக் குழாயில் கட்டித் தூக்குகிற நாடாக்களை மேல் ஓரத்தில் தைப்பது அவள் வேலை. எது மேல் ஓரம் என்று என்னிடம் கேட்கத் தேவையில்லாத அளவுக்கு அனுபவசாலி. அதனால் கேட்கவில்லை.

மேடையில் முதல் ஒத்திகை. ஏரி மெல்ல மெல்ல மேலே எழும்பியது. வானம் கீழே, தண்ணீர் மேலே! மங்கல் மலை உயரத்தில் தொங்க, தெளிவான மலை தரையில் கிடந்தது. பக்கத்தில் இருந்த ஹைக்க என் முழங்கையைக் கிள்ளிய இடம் பிறகு நீலமாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து எங்கள் இயக்குநர் அம்மா இருக்கையை விட்டு எழும்பினார். அதுவரை எதைக் காட்டினாலும் முகத்தைச் சுழித்த மனுசி, இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, "உலகம் மங்கிப் போயிருக்கிறது, பிரதிபலிப்பு மட்டும் உண்மையாக இருக்கிறது! இதைத்தான் நான் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!" என்றார். பாடகர்கள் தலையாட்டினார்கள். யாரோ கைகூடத் தட்டினார்கள்.

பேசாமல் இருந்திருக்கலாம். ஹைக்க பேசாதே பேசாதே என்று கண்ணால் கெஞ்சினாள். ஆனால் என்னுடைய மலை தலைகீழாகத் தொங்குகிறபோது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போய் உண்மையைச் சொன்னேன். இயக்குநர் என்னைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், தலையைச் சரித்து இன்னொருமுறை பார்த்தார். பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கோ, மேடைக்கு மேலே நின்ற தொழிலாளர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிரித்து முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு உத்தரவு போட்டார்: "இரண்டாம் அங்கத்துக்கு இப்படியே விடுங்கள். நாயகிக்குப் புத்தி தெளிகிற மூன்றாம் அங்கத்தில் நேராகத் தொங்கவிடுங்கள்."

மே மாதத்தில் பனி

காடுதான் பெரிய வேலை. கறுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற பச்சைகளாகக் கலந்து, இலை இலையாக வைத்துக் கடைசியில் முடித்தேன். அரங்கேற்றத்துக்குச் சில நாள் இருக்கத் தீப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். காட்டின் ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி, நெருப்பைக் காட்டினார். எரியாமல் கருகி நிற்க வேண்டும், அதுதான் சட்டம். எங்கள் துண்டு சந்தோசமாக எரிந்தது. பெயின்ற் தடித்துப் போனதுதான் காரணம். காடு மேடைக்குப் போகாது என்று சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல், தீப் பிடிக்காமல் காக்கிற உப்புக் கரைசலைத் துணி முழுக்கத் தெளித்துக் காயவிட்டோம்.

அடுத்த நாள் காலை மாலசால் கதவைத் திறந்தேன். என் காட்டில் பனி பெய்திருந்தது. உப்புப் பூத்து, இலை, அடிமரம், பாதை எல்லாம் வெள்ளை வெள்ளைத் திட்டு. அந்த மேடையில் நின்று தெனோர் என்கிற உச்சக்குரல் பாடகர் பாட வேண்டிய முதல் வரியே 'மே மாதமே' என்பது. நான் அப்படியே தரையில் இருந்துவிட்டேன். ஈரத்துணியால் துடைப்போமா என்று கேட்டதற்கு அதிகாரி, துடைத்தால் மருந்தும் போகும், திரும்பவும் எரியும் என்றார். புதிதாகக் கீற நேரம் இல்லை. ராய்னர் பக்கத்தில் வந்து இருந்தார். தூரிகை ஒன்றை என் பக்கம் நகர்த்தி வைத்தார். இது உன் காடு, நீயே முடிவெடு என்கிற மாதிரி இருந்தது.

மேலே ஏறி நின்று பார்த்தால்தான் தரையில் கிடக்கிற சீன் முழுதாகத் தெரியும். ஏணியில் ஏறிப் பார்த்தேன். அழுத கண்ணோடு பார்த்ததாலோ என்னவோ, சில இடத்தில் அந்த வெள்ளை நிலவு மாதிரித் தெரிந்தது. இறங்கி ஓடினேன். வெள்ளையைத் தொடாமல், அதற்கு இடையில் இருட்டை மெல்லிசாக வைத்தேன். ஒரு திட்டையும் அடுத்த திட்டையும் இலை ஓரங்களால் தொடுத்தேன். ராய்னர் அடிமரங்களைத் தன் பொறுப்பில் எடுத்தார். ஹைக்க தையலை விட்டுவிட்டு வந்து வாளி தூக்கினாள். மேடை வெளிச்சக்காரரைப் பிடித்து நீல வெளிச்சம் போடச் சொன்னேன். மே மாதத்துக் காட்டில் முழுநிலவு வந்து இறங்கியது. அதிகாரி திரும்ப வந்து இன்னொரு துண்டு வெட்டி நெருப்புக் காட்டினார், எரியவில்லை. நிமிர்ந்து காட்டைப் பார்த்தார். கொளுத்தியைப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "எரிந்திருந்தால் முதலில் நான்தான் அழுதிருப்பேன்."

அரங்கேற்றம்

அம்மாவும் குணாவும் முதன்முறையாக ஒப்பராவுக்கு வந்தார்கள். அம்மா கூறைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார், ஆரும் கேட்டால் மகள் அடித்த பெயின்ற் என்று சொல்ல வேண்டுமே. நான் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றேன். நகம் கடித்துக் கடித்து விரல் நோகத் தொடங்கியிருந்தது. ஏரி கவிழ்ந்து தொங்கியது, நிமிர்ந்து தொங்கியது, ஒருவரும் மூச்சுக் காட்டவில்லை. கடைசி அங்கத்துக்குத் திரை விலகியது. காடு தெரிந்தது. சபை கைதட்டத் தொடங்கியது. மேடையில் ஒரு பாட்டுக்காரரும் இல்லை. சும்மா நின்ற மரங்களுக்குத் தட்டினார்கள். எனக்கு முன்னால் இருந்த முன்பின் தெரியாத ஒரு மனுசனின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். அவர் பாவம், ஏன் என்று தெரியாமலே எனக்குக் கைகொடுத்தார்.

உள்ளே வரக் காத்துக்கொண்டு நின்ற தெனோர், தட்டுவது தனக்குத்தான் என்று நினைத்துவிட்டார். நேரத்துக்கு முந்தியே மேடைக்கு வந்து தலை தாழ்த்தினார். கைதட்டல் இன்னும் கூடியது. அவர் இன்னும் தாழ்ந்தார். இசைக்குழுவை நடத்துகிறவர் கோலைத் தூக்கியபடி சிரிப்பை அடக்க ஏலாமல் முதுகு குலுங்க நின்றார். பிறகு ஒருவழியாக 'மே மாதமே' தொடங்கியது. மனுசன் அன்றைக்கு என்ன சந்தோசத்தில் பாடினாரோ, மேலே தொங்குகிற விளக்குகள் அதிர்ந்தன.

முடிந்து வெளியே வந்தால் ராய்னர் என் கையில் மாலசால் கதவைத் திறக்கிற திறப்பை வைத்து விரல்களை மூடினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அம்மாவைத் தேடி ஓடினேன். அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கன்னத்தில் கொஞ்சினார். பிறகு காதுக்குள் ஒரு குறை சொன்னார்: "காடு நல்ல வடிவு பிள்ளை. ஆனால் அந்தாள் ஏன் அதுக்கு முன்னாலை நிண்டு அப்பிடிக் கத்தினது? நிம்மதியாப் பாக்கவே விடேல்லை."

இப்போது மாலசால் முழுக்க என் பொறுப்பு, புதிதாக வந்திருக்கிற இயக்குநரோ அடுத்த ஒப்பரா முழுவதும் கும்மிருட்டில் நடக்கிறது என்றும் அந்த இருட்டை நல்ல வடிவாகக் கீறித் தரவேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்.